கம்பெனி, கணினி, சினிமா: வாசகசாலை வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதும் முறை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு தினம். நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய பி.என். பணிக்கர் 1995-இல் மறைந்த நாள் அது. அந்த வாரத்தில் எந்த வாசகசாலைக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வினாடி வினா நடந்துகொண்டிருக்கும். எங்கள் வாசகசாலையில் பல ஆண்டுகளாகக் கேள்வி எழுதும் வேலை என்னிடம் இருந்தது. இந்த ஆண்டு அதை இளையவர்களிடம் ஒப்படைக்கிறேன். பொது அறிவுக்கும் இலக்கியத்துக்கும் விளையாட்டுக்கும் கேள்விப் புத்தகங்கள் கடையிலேயே கிடைக்கின்றன. தொழில்நுட்பம், நிறுவனங்களின் பொறுப்பு, சினிமாத் துணுக்கு ஆகிய மூன்றும் கலந்த சுற்றுக்கு உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை. கிடைப்பதில் பாதி விளம்பரம், மீதி வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமைப் பேச்சு. அதனால் இந்தச் சுற்றைக் கையால்தான் செய்தாக வேண்டும், அதைச் செய்யும் முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

இருபத்து நான்கு கேள்விகள் தேவையென்றால் நாற்பது அட்டைகளோடு தொடங்குங்கள். ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் ஒரு செய்தியை முழு வாக்கியங்களாக எழுதி, அது எங்கே கிடைத்தது என்பதைக் கீழே குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் பின்பக்கத்தில், மறுநாள்தான் எழுத வேண்டும். முதலில் கேள்வியை எழுதிவிட்டால், நமக்குப் பிடித்த விடைக்குச் சாட்சி தேடுவதிலேயே பொழுது போய்விடும், எதிர்ச்சாட்சி கண்ணில் பட்டாலும் கை அதைக் குறித்துக்கொள்ளாது. நாற்பதில் பதினாறு அட்டைகள் சரிபார்க்கும்போது விழுந்துவிடும். விழாவிட்டால் நீங்கள் சரிபார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மிக அருகிலுள்ள பிளாச்சிமடாவையே முதல் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெருமாட்டி ஊராட்சியிலுள்ள அந்தச் சிற்றூரில் கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று சொல்லி, 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். போராட்டத்தில் முன்நின்ற மயிலம்மாவின் பெயர் வெளியூர்களுக்கும் தெரியவந்தது. இதை வைத்து நான் முதன்முதலில் எழுதிய கேள்வி: “பிளாச்சிமடாவில் ஆலை நடத்திய குளிர்பான நிறுவனம் எது?” கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நான்கு அணிகளும் விடையைக் கத்திவிட்டன. அந்த அரங்கில் அன்று எஞ்சியது அந்தப் பானத்தின் பெயர் மட்டுமே. காசு வாங்காமல் விளம்பரம் செய்துகொடுத்தது போலாயிற்று.

அடுத்த ஆண்டு, “பிளாச்சிமடா ஆலையை மூடியது யார்?” என்று மாற்றினேன். இது அதைவிடப் பெரிய பிழை. ஊராட்சி 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களுக்கு உரியது என்றும் அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்றும் தீர்ப்பளித்தார். 2004-இன் தொடக்கத்தில் வறட்சியைக் காரணம் காட்டி அரசு நீரெடுப்பைக் கட்டுப்படுத்தியது, மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் 2005-இல் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று முந்தைய தீர்ப்பை மாற்றியது. அங்கே மறுபடியும் உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது 2017-இல்தான். ஊராட்சி, நீதிமன்றம், அரசு, மக்கள், நிறுவனம் என ஐந்து விடைகளுக்கும் பாதி நியாயம் உள்ள ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மேடையில் நின்று திருதிருவென விழித்தேன். “யார்” என்ற சொல்லை எழுதும்போதெல்லாம், அந்த வேலையை ஒரே ஆள் செய்தாரா என்று அட்டையின் முன்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது முறை எழுதியது இது: “பிளாச்சிமடாவில் ஏற்பட்ட இழப்பை 2010-இல் உயர்மட்டக் குழு 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. உடல்நலக் கேடு, கூலி இழப்பு, வேளாண்மை இழப்பு ஆகிய மூன்றில் அந்தக் கணக்கில் பெரிய தொகை எதற்கு?” அரங்கம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. அணிகள் தமக்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தபோது, சன்னலுக்கு வெளியே மிதிவண்டியைப் பிடித்தபடி நின்ற ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல், “வெள்ளாமைதானுங்க!” என்று குரல் கொடுத்துவிட்டார். விடை சரி, கேள்வியை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஆனாலும் நான் எழுதிய கேள்விகளில் அதைத்தான் நல்ல கேள்வி என்பேன். விடை தெரியாதவரும் யோசித்து நெருங்க முடிகிறது, யோசிக்கிறவரின் மனம் ஆலையின் பெயரில் நிற்காமல் வயலுக்குப் போகிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதை விடை சொல்லும்போது ஒரே வரியில் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு மேல் மேடையில் பிரசங்கம் செய்யக் கூடாது. பிள்ளைகள் போட்டிக்கு வந்திருக்கிறார்கள்.

போபாலுக்கும் இதே முறைதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த வாயுவின் பெயர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மெத்தில் ஐசோசயனேட் என்று ஒப்பிப்பதால் யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை. அந்த வாயுவை அடக்கி வைக்க ஆலையிலிருந்த பாதுகாப்பு அமைப்புகளில், விபத்துக்குப் பல மாதங்கள் முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது எது என்று கேளுங்கள். குளிரூட்டும் அமைப்பு என்ற விடை வரும்போது, அதை நிறுத்தி வைக்க ஒருவர் முடிவெடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் தானே வரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மனிதர்கள் மாண்ட செய்தியை மணியடித்து முந்தும் சுற்றில் வைக்காதீர்கள். எழுதித் தரும் சுற்றில் வையுங்கள்.

அடுத்து, “முதல்” என்ற சொல். நாற்பது அட்டைகளில் இந்தச் சொல் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பகையாளியின் கண்ணோடு படியுங்கள். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்ற செய்தி எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு நான்கு முறையாவது கைபேசியில் வந்து சேரும். சிவா அய்யாதுரை 1978-இல் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவராக இருந்தபோது ஒரு மருத்துவக் கல்லூரிக்காக ஈமெயில் என்று பெயரிட்ட மென்பொருளை எழுதியது உண்மை, 1982-இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றதும் உண்மை. ஆனால் ரே டாம்லின்சன் 1971-இலேயே ஆர்பாநெட் வலையமைப்பின் வழியாக, பெயரையும் கணினியையும் பிரிக்க ‘அட்’ (@) குறியைப் போட்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். பதிப்புரிமை என்பது எழுதிய நிரலுக்கான உரிமை. கண்டுபிடிப்புக்குத் தரப்படும் காப்புரிமை வேறு. இரண்டையும் குழப்பியதிலிருந்துதான் பாதிப் பெருமை பிறந்திருக்கிறது. பதினான்கு வயதில் ஒரு மாணவர் அப்படியொரு மென்பொருளை எழுதினார் என்பதே சொல்லத் தகுந்த செய்தி. அதற்கு மேல் கிரீடம் சூட்டுவது அவருக்கும் நல்லதில்லை, கேள்விக்கும் நல்லதில்லை. ஆகவே “மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் யார்?” என்ற அட்டையைக் கிழித்துவிட்டு, “மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறியை 1971-இல் பயன்படுத்தத் தொடங்கிய பொறியாளர் யார்?” என்று எழுதுங்கள்.

நாட்டுப் பெருமையிலும் இதே கண்ணி இருக்கிறது. நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட முதல் நாடு இந்தியா என்று பல கேள்விப் புத்தகங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மொரீஷியஸ் 2009-இலேயே லாபத்தில் 2 சதவீதத்தை இதற்காக ஒதுக்கச் சொல்லிவிட்டது. நம் சட்டத்தில் கேட்க வேண்டியது அதன் கணக்கை: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 30 கோடியாக இருந்தால் எவ்வளவு என்று கேட்டால் அறுபது லட்சம் என்று ஆறாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். சொன்ன பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருப்பது தர்மமா, சட்டமா என்று வீட்டில் போய்க் கேட்கும். எனக்கு அது போதும்.

சினிமாவில் “முதல்” என்னைக் கவிழ்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரன் எந்த ஆண்டு வெளியானது என்று கேட்டேன். என் அட்டையில் 1928 என்று இருந்தது. ஓர் அணி 1930 என்றது, தவறு என்று கூறி அடுத்த அணிக்குத் தள்ளினேன். இடைவேளையில் அந்த அணியிலிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒரு மலையாளப் புத்தகத்தைத் திறந்தபடியே வந்து, “மாஷே, இதுல ரெண்டு வருஷமும் போட்டிருக்கு. ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கே சண்டை தீரலை. எங்களுக்கு மட்டும் எப்படித் தப்புன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மேடைக்குத் திரும்பி மதிப்பெண்ணைத் திருத்தினேன். அந்தப் படத்தில் கேட்க எத்தனையோ இருக்கின்றன. அதை எடுத்த ஜே.சி. டேனியல் தம் இறுதிக் காலத்தை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் கழித்து 1975-இல் மறைந்தார். நாயகியாக நடித்த பி.கே. ரோசி, தலித் பெண் ஒருவர் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றினார் என்பதற்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. இவ்வளவையும் விட்டுவிட்டு, தீராத வழக்கிலுள்ள ஓர் ஆண்டைப் போய்க் கேட்டிருக்கிறேன். ஆண்டு சர்ச்சைக்குரியதானால் ஆண்டைத் தொடாதீர்கள்.

மொழிக்கு முதல் படம் என்று சொல்லும்போது இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படம் என்று நாம் சொல்லும் 1931-ஆம் ஆண்டுக் காளிதாஸில் தெலுங்கும் ஒலித்தது. ஆந்திர எல்லையில், திருத்தணிப் பக்கமோ தடாப் பக்கமோ இந்தச் சுற்றை நடத்துகிறவர்கள், “அந்தப் படத்தில் தமிழோடு ஒலித்த இன்னொரு மொழி எது?” என்று கேட்டால் இரண்டு மொழிக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் பக்கத்துக்கு, 1938-இல் வந்த முதல் மலையாளப் பேசும் படமான பாலன் எந்தத் தமிழ்நாட்டு நகரத்து ஸ்டுடியோவின் தயாரிப்பு என்ற கேள்வி பொருந்தும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று தமிழ்ப் பிள்ளைகளைவிட மலையாளப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் முந்திச் சொல்கிறார்கள். எம்.எஸ். விசுவநாதன் பிறந்த எலப்புள்ளி, பி. லீலா பிறந்த சித்தூர், எம்.ஜி.ஆரின் தாயார் ஊரான வடவன்னூர் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஊர்ப்பெருமைக் கேள்விகள் எங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். ஒரு சுற்றில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். சித்தூர் என்று எழுதும்போது பாலக்காட்டுச் சித்தூர் என்று முழுதாகவே எழுதுங்கள், ஆந்திரத்துச் சித்தூர் என்று எண்ணி ஒரு விருந்தினர் அணி மதிப்பெண்ணை இழந்திருக்கிறது.

கேட்டவுடனே கைதட்டத் தோன்றும் கதைகளை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். கணினிப் பிழையை ‘பக்’, அதாவது பூச்சி, என்று அழைக்கக் காரணம் 1947-இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் சிக்கிய ஒரு விட்டில் என்பது எல்லோரும் சொல்லும் கதை. விட்டில் சிக்கியது உண்மை, செப்டம்பர் 9 அன்று அதைப் பதிவேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். ஆனால் அதன் அருகே அவர்கள் எழுதியது, பூச்சியென்று உண்மையிலேயே ஒன்று அகப்பட்ட முதல் சம்பவம் என்ற பொருள்படும் வரி. அந்த நகைச்சுவை எடுபட வேண்டுமானால் பிழைக்குப் பூச்சி என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் இருந்திருக்க வேண்டும். எடிசன் 1878-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே அந்தச் சொல்லை அப்படித்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஆகவே “பெயர் எப்படி வந்தது?” என்று கேட்காமல், ஒட்டி வைத்த பூச்சி எது என்று கேளுங்கள். 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற விண்வெளிப் படத்தின் ஹால் (HAL) என்ற கணினியின் பெயர், ஐ.பி.எம். (IBM) என்ற ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு முந்தைய எழுத்தைப் போட்டுச் செய்தது என்ற கதையும் இத்தகையதே. கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் பலமுறை மறுத்திருக்கிறார். எழுத்துகள் பொருந்துவதென்னவோ உண்மை. பொருந்துவதாலேயே வேண்டுமென்று செய்ததாக ஆகிவிடாது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது பல்புக் கதை. ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலான பல்பு உற்பத்தியாளர்கள் 1924-இல் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். வீட்டு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு செய்து, அதைவிட நீண்ட நாள் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதமும் விதித்தார்கள். வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்ததற்குச் சான்றாக, கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901-இலிருந்து எரிந்துவரும் பல்பைக் காட்டுவது வழக்கம். கூட்டமைப்பும் அபராதமும் ஆவணங்களில் உள்ளவை, தயங்காமல் கேட்கலாம். ஆனால் லிவர்மோர் பல்பு இன்று சுமார் 4 வாட் அளவில், விடிவிளக்கு போல மங்கலாகத்தான் எரிகிறது. இழையைக் குறைந்த சூட்டில் எரித்தால் ஆயுள் நீளும். வெளிச்சம் குறையும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். அந்த நிறுவனங்கள் தம் வாதமாகச் சொன்னதும் இதுவே, அதில் ஓரளவு இயற்பியலும் இருக்கிறது. அபராதப் பட்டியல் வைத்திருந்ததை அந்த இயற்பியல் நியாயப்படுத்தாது என்பது என் கருத்து. என் கருத்தை நான் கேள்விக்குள் வைப்பதில்லை. இரண்டு உண்மைகளையும் விடைக் குறிப்பில் எழுதி வைத்தால், கேட்கிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

நிறுவனங்களைப் பற்றிய கேள்விகள் எல்லாம் குற்றப்பத்திரிகையாகிவிட்டாலும் சுற்று சலிப்புத் தட்டும், நேர்மையும் கெடும். 1982-இல் சிகாகோப் பகுதியில் யாரோ டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் சயனைடைக் கலந்ததால் ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்டு ஜான்சன் ஏறத்தாழ 3.1 கோடிப் புட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. மருந்துப் புட்டியின் மூடியை யாராவது திறந்திருந்தால் தெரிந்துவிடும்படியான உறை பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். அதைக் கேளுங்கள். அதே நிறுவனம் பின்னாளில் தன் குழந்தைப் பவுடர் தொடர்பாகப் பல்லாயிரம் வழக்குகளைச் சந்தித்தது என்பதையும் அதே அட்டையில் குறித்து வையுங்கள், ஒரு நற்செயலைக் கொண்டு வாழ்நாள் நற்சான்றிதழ் எழுதிவிடாமல் அது காக்கும். குற்றத்தைக் கேட்கும்போது அது இன்னது என்பதில் கறாராக இருக்க வேண்டும். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2020-இல் பிரான்ஸ் அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. எதற்காக அபராதம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் “வேகத்தைக் குறைத்ததற்காக” என்பார்கள். வேகம் குறையும் என்பதைப் பயனாளர்களிடம் சொல்லாததற்காக என்பதே சரியான விடை. கைபேசி திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் சொன்னது; சொல்லிவிட்டுச் செய்திருந்தால் கதையே வேறு. இந்த ஒரு கேள்விக்காக நான் பத்து நிமிட விவாதத்தை அனுமதித்திருக்கிறேன்.

இளைப்பாறுவதற்குச் சில எளிய கேள்விகளும் வேண்டும். நின்டென்டோ 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம். சாம்சங் 1938-இல் கருவாடும் நூடுல்ஸும் விற்ற வணிக நிறுவனம். நோக்கியா 1865-இல் காகிதக் கூழ் ஆலை. ஒலிச் சுற்றுக்கு நோக்கியாவின் அழைப்பொலியை ஒலிக்கவிட்டு, அது யாருடைய கிதார் இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். விடை, ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ தாரெகா. விண்டோஸ் 95-இன் தொடக்க ஒலியை அமைத்த பிரையன் ஈனோ அதை ஒரு மேக் கணினியில் செய்ததாக அவரே சொன்னதும் சிரிப்பை வரவழைக்கும். நோக்கியா அட்டையில் மட்டும் நான் இன்னொரு வரி சேர்ப்பதுண்டு: ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த அதன் ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அந்த வரிசையில் நின்று கைபேசி பூட்டியவர்களில் இளம்பெண்கள் ஏராளம்.

பரிசு கொடுப்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓராண்டு ஒரு கைபேசிக் கடைக்காரர் முதல் பரிசாக ஒரு கைபேசியைத் தர முன்வந்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தாம் விற்கும் நிறுவனத்தைப் பற்றி ஐந்து கேள்விகளை அச்சிட்டு அனுப்பி, அவற்றைச் சேர்க்க வேண்டும் என்றார். ஐந்தும் அந்தக் கைபேசியின் கேமராவைப் பற்றியவை. மறுத்தேன், பரிசு வரவில்லை. வென்ற அணிக்குப் புத்தகங்களும் ஆளுக்கொரு சில்வர் குடமும் கொடுத்தோம், பிள்ளைகளின் முகம் வாடியதை மறைக்க முடியவில்லை. அதிலிருந்து, பரிசு தருபவருக்கும் கேள்வி எழுதுபவருக்கும் நடுவே நூலகர் ஒருவரே பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பரிசு தந்தவரின் பெயரை மேடையில் இருமுறை நன்றியோடு சொல்லலாம். கேள்வித்தாளில் ஒருமுறையும் வரக் கூடாது.

இரண்டு மொழிக்காரர்கள் கலந்து உட்காரும் அரங்கில் கேள்வியின் சொற்கள் தனிக் கவனம் கேட்கும். “பதில் சொல்ல அவகாசம் உண்டு” என்று தமிழில் சொன்னால், மலையாளக் குழந்தை பதில் சொல்ல உரிமை உண்டு என்று புரிந்துகொள்ளும். அவர்களுடைய அவகாசம் நம்முடைய உரிமை. இழப்பீடு என்றால் விழிப்பார்கள், நஷ்டபரிகாரம் என்றால் உடனே புரியும். செயற்கை நுண்ணறிவு அவர்களுக்கு நிர்மித புத்தி, ஏ.ஐ. என்றால் இருவருக்கும் சரி. ஒவ்வொரு கேள்வியையும் மலையாளம் பேசும் நண்பர் ஒருவருக்கு முந்தின நாளே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம் என்று பொருள், இரண்டாக உடையுங்கள்.

சமநிலை வந்தால் உடைப்பதற்கு எண் கேள்விதான் நல்லது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தோடு எத்தனை பேருடைய விவரங்கள் முறையின்றிப் பகிரப்பட்டிருக்கக்கூடும் என்று ஃபேஸ்புக் 2018 ஏப்ரலில் சொன்னது? 8.7 கோடி. சரியான எண் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அருகில் வந்தவர் வெல்வார். இரண்டு அணிகளையும் தாளில் எழுதி ஒரே நேரத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆட்சேப ஏடு. விடைத்தாளின் ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, யார் வேண்டுமானாலும் அதில் மறுப்பு எழுதலாம் என்று அறிவித்துவிடுங்கள். எழுதியவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். கடந்த ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் லிவர்மோர் பல்புக்கு எதிரே, “இன்றைக்கும் எரிகிறது என்று எப்படித் தெரியும்?” என்று எழுதியிருந்தான். நியாயமான கேள்வி. 2013-இல் தடையில்லா மின்சாரம் தரும் யு.பி.எஸ். கருவி பழுதாகி அது சில மணி நேரம் அணைந்தும் இருக்கிறது. அந்தப் பல்பை இரவும் பகலும் காட்டும் கேமரா ஒன்று இணையத்தில் உண்டு. மறுநாள் மாலை நூலகரின் கைபேசியில் அதைத் திறந்து, பையனை அழைத்துக் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் இழை மட்டும் தெரிய, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வாசகசாலையில் கரண்ட் போய்விட்டது. நூலகர் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருக்க, நான் அந்தக் கைபேசி வெளிச்சத்திலேயே ஏட்டில் அவனுக்கு அரை மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன்.